சித்தப்பா இறங்காத ஆட்டம்

சித்தப்பாவை ஏலத்தில் எடுக்கப்போகிறார்கள் என்று அப்பா சொன்னபோது எனக்கு ஆறு வயது. சந்தையில் ஆடுகளுக்கு நடப்பதுதான் இவருக்கும் நடக்கப்போகிறது என்று நினைத்து ஓவென்று அழுதேன். அழுத என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு அதிகம் சிரித்தவர் சித்தப்பாதான். தொழில்முறை கபடியில் அணிகள் ஆட்டக்காரர்களை அப்படித்தான் எடுக்குமாம்.

கல்லலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் செம்மண் திடலில் முழங்கை தேயக் கபடி பாடிப் பழகியவர், விளையாட்டு விடுதியில் சேர்ந்து, ஒரு வங்கி அணிக்கு ஆடி, கடைசியில் டிவியில் வந்தார். நான்கு சீசன் ஆடினார். ஊர் முக்கில் அவருக்காக வைத்த ஃப்ளெக்ஸில் அவர் படத்தைவிட, வைத்தவர்களின் படங்கள் பெரிதாக இருந்தன.

நான்காவது சீசனின் கடைசியில் வலது முட்டியில் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் நடந்தது. அடுத்த ஏலத்தில் அவரை யாரும் கேட்கவில்லை. ஒரு பெரிய பையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வீடே முகம் வாடிக் கிடந்தது. பதினோரு வயதுப் பெண்ணான எனக்கு மட்டும் அது கொண்டாட்டமான காலம். தினமும் அவர் பைக்கில்தான் பள்ளிக்கூடம். திரும்பும்போது பள்ளி வாசலில் தொடங்கி ரயில்வே கேட்டைத் தாண்டும்வரை ஒரே மூச்சில் 'கபடி கபடி' சொல்ல வேண்டும் என்று எங்களுக்குள் பந்தயம். பெரும்பாலும் நான் தோற்பேன். கேட் மூடியிருக்கும் நாட்களில் இருவரும் தோற்போம்.

அந்தத் தை மாதம் ஊர்ப் பொங்கல் போட்டிக்கு அவருடைய பழைய அணியின் மேனேஜர் வருகிறார் என்று செய்தி வந்தது. முட்டி தேறிவிட்டதா என்று நேரில் பார்க்க வருகிறாராம். நன்றாக ஆடினால் மறுபடி கூப்பிடுவார்கள். அம்மா தினமும் இரண்டு முட்டை அவித்து வைத்தாள். அப்பா டீக்கடையில் உட்கார்ந்து தம்பியை மறுபடி டிவிக்கு அனுப்பியே விட்டார். வழியில் பார்ப்பவர்கள் எல்லாம், “என்ன, கெளம்பிட்டீகளா?” என்று கேட்டார்கள். சித்தப்பா, “பாப்பம்” என்பார்.

ஒரு காலையில் அவர் மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டாக, ஒவ்வொரு படியாக இறங்கி வருவதைப் பார்த்தேன். பார்த்தேனே தவிர எதையும் யோசிக்கவில்லை. என் கவலை எல்லாம் அவரோடு போய்விடப்போகும் பைக்கைப் பற்றியது.

டாக்டர் அவருக்கு ஒரு முட்டிப்பட்டை கொடுத்திருந்தார். இரண்டு பக்கமும் தகடு வைத்தது. அதைப் போடாமல் களத்தில் இறங்கக் கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. ஆட்டத்தன்று மதியம், அதை எடுத்துப் போய் மாட்டுக்கொட்டகையில் இருந்த தவிட்டு டின்னில் புதைத்து மூடினேன்.

மூன்று மணிக்குத் தேடல் தொடங்கியது.

“நல்லாப் பாருடா, இங்குட்டுத்தான் கெடக்கும்” என்று சித்தப்பாவிடம் சொல்லியபடி அப்பா பையைக் கவிழ்த்துக் கொட்டினார்.

“மாடில பாத்தீகளா தம்பி?” என்று அம்மா கேட்டாள்.

சித்தப்பா மாடிக்குப் போனார், இறங்கினார், பிறகு கொட்டகைக்கு வந்தார். நான் வைக்கோலுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டின்னின் மூடியைத் திறந்தார். உள்ளே கையை விட்டார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு கையை வெளியே எடுத்து, ஒட்டியிருந்த தவிட்டைத் தட்டிவிட்டு, மூடியை அழுத்தி மூடினார்.

“காணோம்ண்ணே” என்றார் முற்றத்துக்குப் போய்.

“துணிய இறுக்கிக் கட்டிட்டு எறங்கேன்டா.”

“டாக்டர் வேணாம்னுருக்காருண்ணே.”

என் கை சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

திடலில் கூட்டம் அவரைச் சும்மா விடவில்லை. “டிவில வந்த காலு மண்ணுல படாதோ?” என்று யாரோ கத்தினார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சித்தப்பா கோட்டுக்கு வெளியே கைகட்டி நின்றார். எதிரணியில் ஒரு நெட்டைப் பையன் பாடி வந்தான். வந்த போதெல்லாம் தொட்டுவிட்டுப் போனான். பாதி ஆட்டத்தில் நாங்கள் ஒன்பது புள்ளி பின்னால்.

இடைவேளையில் சித்தப்பா எங்கள் பையன்களை அருகே கூப்பிட்டார். “அவன் எடது காலு முன்ன வந்தாத்தான் திரும்புவான். அதுவரைக்கும் ஒருத்தரும் கை நீட்டாதீக. திரும்புனதும் இடுப்பப் பிடிங்க.” அவ்வளவுதான் சொன்னார்.

அடுத்த பாதியில் நெட்டையனை ஐந்து முறை பிடித்தார்கள். கடைசியில் ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். ஆனாலும் சற்று முன் ஏசிய அதே வாய்கள் விசில் அடித்தன. மேனேஜர் ஜீப்பருகே சித்தப்பாவை நிறுத்தி, “அவன் திரும்புறதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்டார்.

“மொதப் பாதி பூரா அதத்தான் சார் பாத்துக்கிட்டு நின்னேன். உள்ள நின்னுருந்தா தெரிஞ்சிருக்காது.”

நான்கு மாதம் கழித்து அதே அணியின் இளைஞர் பிரிவுக்குத் துணைப் பயிற்சியாளராக வரச்சொல்லி அழைப்பு வந்தது. பெரிய பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நான் மறுபடி டவுன் பஸ்ஸில் தொங்கினேன். செய்த தப்புக்குச் சாமி கொடுத்த தண்டனை என்று நம்பினேன். முட்டிப்பட்டையை எடுத்துத் தவிட்டைத் துடைத்து அவருடைய அலமாரியில் வைத்தேன். அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.

இப்போது அவர் பெரிய அணிக்கே பயிற்சியாளர். டிவியில் தோளில் துண்டோடு ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். நான் காரைக்குடியில் கல்லூரி படிக்கும்போது, விடுமுறைக்கு வந்தவரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை.

“கை பட்டுச்சு ஆத்தா. எடுக்கத்தான் மனசு வரல” என்றார்.

ஊரே கூடி நின்று ஆடச் சொன்ன அந்த மத்தியானம், டிவியில் அத்தனை பேரை இடித்துத் தள்ளிவிட்டு வந்த மனிதருக்குப் பயமாக இருந்திருக்கிறது. பயமாக இருக்கிறது என்று அந்த வீட்டில் அவரால் யாரிடமும் சொல்ல முடியவில்லை. வைக்கோலுக்குப் பின்னால் நின்ற நான், பயந்துகொண்டிருப்பது நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன்.