பஸ் வருகிற பாட்டு

மணியம்மைக்கு ஆதார் அட்டையில் பிறந்த நாள் ஜனவரி ஒன்று. புருஷன் தேசப்பனுக்கும் ஜனவரி ஒன்றுதான். அந்த ஏரிக்கரைக் காலனியில் இருக்கிற பதினாறு இருளர் குடும்பங்களில் பெரியவர்கள் அத்தனை பேரும் அதே நாளில்தான் பிறந்திருக்கிறார்கள். பதிய வந்த ஆள் வருஷத்தை மட்டும் முகத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்டுக்கொண்டே போய்விட்டான். ஒழுங்கான தேதி உள்ளவள் மகள் ஷோபனா. அவள் ஆஸ்பத்திரியில் பிறந்தவள்.

ஷோபனா பன்னிரண்டாம் வகுப்பு தேறிய அன்று காலனியே வாசலில் கூடிவிட்டது. அதுவரைக்கும் அங்கே யாரும் பத்தாவதைத் தாண்டியதில்லை. நர்ஸ் படிப்புக்குப் போகவேண்டும் என்று அவள் ஒன்பதாவதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். மாந்தோப்பில் தேசப்பனைக் கட்டுவிரியன் தீண்டி, அவன் நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள்தான் கூட இருந்தாள். அங்கே ஊசி போட்ட நர்ஸம்மா எப்படி நடப்பார், எப்படி அதட்டுவார் என்று வீட்டுக்கு வந்து செய்து காட்டுவாள். மார்க் போதும், பழங்குடியினருக்கு உள்ள இடத்தில் கிடைத்துவிடும் என்று பள்ளிக்கூடத்து டீச்சர் சொன்னார். சாதிச் சான்று மட்டும் வாங்கிவிடுங்கள் என்றார்.

அந்த 'மட்டும்'தான் மலையாக நின்றது. இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போட்டபோது, அப்பா வழியில் யாராவது ஏற்கெனவே வாங்கிய சான்று இருந்தால் சேர்க்கச் சொன்னார்கள். யாரும் வாங்கியதில்லை. வயலில் எலி வளை வெட்டவும் களை பிடுங்கவும் யார் சான்று கேட்டார்கள்? அப்படியானால் நேரில் விசாரிக்க வருவார்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த நேரம் பார்த்து ஆடிக் கிருத்திகை வந்தது. திருத்தணி முழுக்கக் காவடிக் கூட்டம். சான்று தருகிற ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பாதிப் பேருக்கு அடிவாரத்தில் வேலை போட்டுவிட்டார்கள். விசாரணை மூன்று வாரம் தள்ளிப்போயிற்று.

மணியம்மை மணவூர்ப் பக்கம் பிறந்தவள். ஒரு ரைஸ்மில்லின் பின்புறம் குடிசை போட்டு, விறகு வெட்டிப் பிழைத்த குடும்பம். பதினேழு வயதில் தேசப்பனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அன்றிலிருந்து திருத்தணிக்கும் கனகம்மாசத்திரத்துக்கும் நடுவில் இருக்கிற இந்த ஏரிக்கரைதான். நடவுக் காலத்தில் நடவு, மற்ற நாளில் களையெடுப்பு, சித்திரையில் மாங்காய் பொறுக்குவது. கை வேலையில் அவளைவிடக் கெட்டிக்காரிகள் காலனியில் உண்டு. ஆனால் நடவுக்கு ஆள் சேர்க்கிறவர்கள் முதலில் அவள் வீட்டுக்குத்தான் வருவார்கள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது. சேற்றில் இறங்கி முதல் நாற்று முடியைப் பிரிக்கும்போதே எதையாவது எடுத்துப் பாட ஆரம்பித்துவிடுவாள். காலையில் யார் வீட்டில் சண்டை, ரேஷன் கடையில் பருப்பு ஏன் இல்லை, யாருடைய கோழி யார் பானையில் வெந்தது, எல்லாம் பாட்டாக வரும். மற்றப் பெண்கள் கடைசி அடியைத் திருப்பிப் பாடுவார்கள். வரிசை பிசகாமல் கை ஓடும். பொழுது சாய்ந்து கரையேறினால் பாட்டு முடிந்தது. மறுநாள் கேட்டால் அவளுக்கே நினைவிருக்காது.

விசாரணைக்கு அந்த அலுவலகத்திலிருந்து சுந்தரமூர்த்தி என்பவர் வந்தார். காலனி பூட்டிக் கிடந்ததால் விசாரித்துக்கொண்டு, நிலக்காரர் கண்ணையனின் வயலுக்கே நடந்து வந்துவிட்டார். அன்றைக்கு அங்கே சம்பா நடவு. ஐம்பது வயது ஆள், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் தடுமாறித் தடுமாறி வந்தார். நல்ல மனிதர்தான். எல்லாரையும் அம்மா போட்டுத்தான் பேசினார். பெண்கள் சேற்றுக் காலோடு கரையேறி நின்றார்கள். தோப்பிலிருந்த தேசப்பனுக்கு ஆள் போயிற்று. ஷோபனா ரேஷன் கடையிலிருந்து ஓடிவந்தாள்.

கும்பிடுகிற சாமி எது என்று முதலில் கேட்டார். கன்னிமார் என்றான் தேசப்பன். மாசி மகத்துக்குக் கடற்கரைக்குப் போய் மணலில் ஏழு படி கட்டிக் கும்பிடுவோம் என்றும் சொன்னான். எழுதிக்கொண்டார். கல்யாணம், சாவு, பிள்ளைக்குப் பேர் வைப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு தாளைத் திருப்பினார். அந்தப் பக்கத்தில் கலை என்று ஒரு கட்டம் இருந்தது.

"உங்க ஜனங்களுக்குன்னு இருக்கிற பாட்டு ஏதாவது பாடுங்கம்மா."

எல்லாரும் மணியம்மையைப் பார்த்தார்கள். இப்படி நின்றுகொண்டு, ஒரு ஆளுக்காக என்று அவள் பாடியதே இல்லை. அவர் வரும்போது எது ஓடிக்கொண்டிருந்ததோ அதுதான் வாயில் வந்தது.

"பள்ளிப்பட்டு பஸ்ஸு வருது பல்லைக் காட்டிகினு
நம்ம ஸ்டாப்பு வந்ததுமே கண்ணை மூடிகினு
கையை நீட்டி நின்னவளுக்குக் கையி காஞ்சி போச்சி
கண்டக்டரு ஊதினதுல நம்ம மூச்சி போச்சி."

பெண்கள் கடைசி அடியைத் திருப்பிப் பாடிச் சிரித்தார்கள். சுந்தரமூர்த்தியும் சிரித்துவிட்டார். ஆனால் பேனா தாள்மேல் அப்படியே நின்றது.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா இதுல பஸ் வருதேம்மா. பழங்குடிப் பாட்டுல பஸ் எப்பிடி வரும்?"

"எங்க ஸ்டாப்புல நிக்கிறதில்ல சார். அதான் வந்திச்சி."

"நான் அதைச் சொல்லல. இது நீங்களா கட்டினது. உங்க முன்னோருங்க பாடின பாட்டு வேணும்."

"எங்கம்மாவும் அன்னன்னிக்கு வர்றதைத்தான் சார் பாடும். மில்லுல மோட்டாரு நின்னு போனா மோட்டாரு மேல பாடும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். ஆட்டம் உண்டா, தனிப் பாஷை உண்டா என்று கேட்டார். இவர்கள் பேசுவது ஊரெல்லாம் பேசுகிற தமிழ்தான், நடுவே கொஞ்சம் தெலுங்கு. வரப்பில் நின்ற கண்ணையனுக்குப் பொறுக்கவில்லை. இவர்கள் இருளர்தான், எங்கள் நைனா காலத்திலிருந்து எங்கள் வயலில் எலி வெட்டுகிறவர்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். அதை சுந்தரமூர்த்தி தடையில்லாமல் எழுதினார். மணியம்மை அந்தப் பேனா ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கலைக் கட்டத்தில் அவர் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். ஷோபனா அதைத் தலைகீழாகவே படித்துவிட்டு, வீட்டுக்கு வந்து சொன்னாள். 'தனித்த பாடலோ நடனமோ காணப்படவில்லை.'

"பாடினாளே. காதுல கேட்டுதானே சிரிச்சாரு?" என்றான் தேசப்பன்.

ஷோபனா செல்போனில் தேடி, எங்கோ மேற்கு மலைப்பக்கத்து இருளர்கள் குழல் ஊதிப் பாடுகிற வீடியோ ஒன்றை எடுத்துக் காட்டினாள். திரும்ப வந்தால் இதைப் பாடலாம், நாலு நாளில் பழகிவிடலாம் என்றாள். மணியம்மை இரண்டு தரம் கேட்டாள். ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை.

"அவங்க அவங்க மலையைப் பாடறாங்க. நான் எந்த மலையைக் கண்டேன்? திருத்தணி மலையில படியோரம் குந்தி பொரி வித்திருக்கேன், அவ்ளோதான்" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மனு மேலே போயிருக்கிறது என்ற பதிலைத் தவிர அலுவலகத்தில் வேறொன்றும் கிடைக்கவில்லை. புரட்டாசி பிறந்தது. அந்தச் சமயத்தில்தான் கண்ணையனின் அக்காள் மகள் சுஜாதா காலனிக்கு வந்தாள். சென்னையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறவள். கண்ணையன் நடவன்றைக்குப் போனில் பிடித்துக் குடும்பத்து வாட்ஸ்அப்பில் போட்டிருந்த பஸ் பாட்டு அவள் கைக்குப் போயிருந்தது. கலையைப் பற்றிப் பேசுகிற சின்னக் கூட்டம் ஒன்று திருத்தணியில் நடத்தப்போகிறோம், அன்றாட வேலைக்குள் இருக்கிற கலை, ஆதிகுடிகளின் கலை, இதெல்லாம் பேச்சு, நீங்கள் வரவேண்டும் என்று கையைப் பிடித்துக் கேட்டாள். பெரிய படிப்புப் படித்தவள், நாலு பேரைத் தெரிந்தவள், சான்றுக்கு ஒரு வழி சொல்லுவாள் என்ற நினைப்பில் மணியம்மை தலையாட்டினாள்.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் நடந்தது. நாற்பது பேர் வந்திருந்தார்கள். மணியம்மையை மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, முன்வரிசையில் இருந்த தேசப்பனையும் ஷோபனாவையும் பார்த்துக்கொண்டே பஸ் பாட்டைப் பாடினாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு கேள்விகள். எத்தனை பாட்டு தெரியும் என்று ஒருவர் கேட்டார்.

"நேத்து பாடினது இன்னிக்கு வராதுங்க. நேத்து வேற வயலு" என்றாள். அதற்கும் கைதட்டினார்கள்.

தாடி வைத்த ஒருவர் எழுந்து நீளமாகப் பேசினார். பழங்குடிக் கலை என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற பழம்பொருள் என்று நினைக்கிறோம், அது தப்பு, கண்ணெதிரே இருப்பதை அன்றைக்கே பாட்டாக்கிக்கொள்வதுதான் இந்த மக்களின் மரபு, இந்தப் பாட்டில் பஸ் வருகிறதே, அதுதான் இது உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சாட்சி என்றார். மணியம்மை நாற்காலியின் நுனியிலிருந்து எழுந்தே விட்டாள். சுந்தரமூர்த்திக்கு அவளால் சொல்ல முடியாமல் போனதை இந்த ஆள் பொட்டிலடித்தமாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். சுஜாதாவின் கையிலிருந்த மைக்கை அவளே வாங்கினாள்.

"ஐயா, இப்போ சொன்னீங்களே, அதை அப்பிடியே ஒரு காயிதத்துல எழுதிக் குடுப்பீங்களா? எம் பொண்ணுக்கு வேணும்."

மண்டபம் குலுங்கச் சிரித்துக் கைதட்டியது. தாடிக்காரர் கும்பிட்டார். இவ்வளவு கைதட்டல் அன்றைக்கு வேறு எதற்கும் கிடைக்கவில்லை. சுஜாதாவுக்கு மட்டும் முகம் மாறியது. கூட்டம் முடிந்ததும் தனியாக அழைத்துப்போய் முழுக் கதையையும் கேட்டாள். தெரிந்தவர்களிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்றாள். எல்லாருக்கும் கொடுத்ததுபோல மணியம்மைக்கும் ஒரு சால்வையும் சட்டம் போட்ட சான்றிதழும் கொடுத்து அனுப்பினார்கள். 'பழங்குடிக் கலைஞர் திருமதி மணியம்மை' என்று தங்க எழுத்தில் அதில் அச்சடித்திருந்தது. ஷோபனா படித்துக் காட்டியதும் தேசப்பன் அதை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டான்.

"இதுல போட்டுட்டாங்களே மே. இதுக்கு மேல இன்னா வேணும்?"

திங்கட்கிழமை மணியம்மையும் தேசப்பனும் அதை ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்கள். சுந்தரமூர்த்தி அடையாளம் கண்டுகொண்டு உட்காரச் சொன்னார். இரண்டு பேரும் உட்காரவில்லை. அவர் சட்டத்தைக் கையில் வாங்கி முழுவதும் படித்தார். ஓரத்தில் இருந்த தூசியைக்கூடத் துடைத்தார்.

"இது அவங்க குடுத்ததும்மா. நாங்க குடுக்கிறதுதான் செல்லும்."

"நான்தான சார் அது? அங்க பாடினதும் நான்தான், இங்க பாடினதும் நான்தான். அதே பாட்டுதான்."

சுந்தரமூர்த்தி குரலைத் தாழ்த்தி, நான் பார்த்ததை எழுதினேன், அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மேலிடத்தில் திருப்பிவிட்டார்கள், இனிமேல் பழங்குடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர் ஒருவர் வந்து பார்க்கவேண்டும், அவருக்கு இந்த மாவட்டம் ஒன்று மட்டும் இல்லை என்றார். வெள்ளிக்கிழமையோடு நர்ஸ் படிப்புக்குச் சேர்க்கை முடிகிறது என்றான் தேசப்பன். தெரியும் என்றார் அவர். அவர் முகத்தைப் பார்த்த மணியம்மைக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. கோபப்பட ஒரு ஆள் அகப்பட்டிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

வெள்ளிக்கிழமை வந்தது, போயிற்று. சுஜாதா இரண்டு தரம் போன் செய்தாள். அவள் பேசிப் பார்த்த இடங்களிலும் அதே பதில்தான். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். தீபாவளிக்கு முன்பாகவே ஷோபனா ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். விடியற்காலையில் வேன் ரோட்டுக்கு வரும். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே சின்னச் சின்ன ஒயர்களைச் செருகுகிற வேலை. வீட்டுக்கு வந்ததும் வீங்கின காலைத் தண்ணீர் வாளியில் விட்டுக்கொண்டு உட்காருவாள். அவளுக்குப் பேச்சு ரொம்பக் குறைந்துவிட்டது.

மார்கழியில் கடிதம் வந்தது. ஆராய்ச்சிக்காரர் இன்ன தேதியில் நேரில் வருகிறார், விண்ணப்பதாரரும் உறவினர்களும் கலை, பண்பாட்டு விவரங்களுடன் ஆஜராக வேண்டும் என்று இருந்தது. ஷோபனாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மற்ற எல்லாரும் வேலைக்குப் போகாமல் காலனியிலேயே இருந்தார்கள். மணியம்மை தலைக்குக் குளித்து நல்ல சேலை கட்டிக்கொண்டாள். எதைப் பாடட்டும் என்று தேசப்பனைக் கேட்டாள். அவன் வெகுநேரம் யோசித்துவிட்டு, உனக்குத் தெரியாததா என்றான். அவளுக்குத் தெரியவில்லை. வயலில் தானாக வருகிறது, இன்றைக்கு வீட்டுக்குள் உட்கார்ந்து கூப்பிடக் கூப்பிட வரவில்லை. ஒரு அடி வந்தால், இதில் எது பழையது, எது அவர்களுக்குப் பிடிக்காதது என்று மனசே வெட்டிப் போட்டுவிட்டது.

மதியம் வரைக்கும் யாரும் வரவில்லை. மூன்று மணிக்கு ஷோபனாவின் பள்ளிக்கூடத்து டீச்சர் அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னார். ஆராய்ச்சிக்காரர் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டாராம், அடுத்த தேதி பிறகு சொல்வார்களாம். பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து போனார்கள். தேசப்பன் அரிவாளை எடுத்துக்கொண்டு தோப்புப் பக்கம் நடந்தான்.

சாயங்காலம் ஷோபனா வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"வந்தாங்களா?"

"இல்ல. வேற தேதி சொல்லுவாங்களாம்."

ஷோபனா வாளியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தலையைத் தூக்காமலே பேசினாள்.

"அந்த தேதியும் வேணாம்னு சொல்லிடும்மா."

"ஏன்?"

"நீ பாடறப்போ அந்த ஆபீஸ்காரங்க மூஞ்சியையே பாத்துகினு இருக்கிற. என்னால அதைப் பாக்க முடியல."

வேண்டாம் என்று சொன்னால் மகள் இந்த வாளியிலேயே கால் நனைத்துக்கொண்டு இருந்துவிடுவாள். வரச் சொன்னால் மறுபடியும் அந்தக் கலைக் கட்டம். மணியம்மை அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்கி வைத்தாள். தட்டைக் கழுவி மகளுக்குப் போட்டுவிட்டு, குழம்பு கொண்டுவர உள்ளே போனாள்.