டிராக்டருக்கு முன்னால் நடக்காதவர்

கொட்டாரத்திலிருந்து வந்த அந்த மெக்கானிக் ஒரு முறைகூட என் சின்ன டிராக்டருக்கு முன்னால் நடக்கவில்லை. எஞ்சின் ஓடாதபோதும் ஸ்பானர் எடுக்கப் பின்பக்கமாகவே சுற்றிப் போனார். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டையில் ஒரு பொட்டு கிரீஸ் இல்லை.

கிளச் பெடலை உள்ளங்கையால் மெல்ல அழுத்தினார். அது பிடிப்பே இல்லாமல் நாலு விரல் அளவுக்கு இறங்கியது.

"ரெண்டு விரல்தான் இருக்கணும் அண்ணாச்சி. இப்படி இருந்தா முழுசா மிதிச்சாலும் கிளச் எஞ்சினை விடாது. வண்டிய கியர்ல போட்டுத்தான் நிறுத்துவியளா?"

"ஆமா, ஹேண்ட்பிரேக் நிக்காது. காலையில கிளச்சை மிதிச்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணிருவேன்."

அவர் கை நின்றது. "சாவியத் திருப்பின ஒடனே வண்டி பாஞ்சிரும். முன்னால நின்னு கேட்டை ஆரு தொறப்பா?"

"வீட்டுக்காரிதான்."

அவர் நட்டைத் தளர்த்தி, கம்பியைத் திருகி, இரண்டு விரலுக்குக் கொண்டுவந்தார். நாலு முறை அளந்து பார்த்தார்.

புறப்படும்போது சொன்னார்: "எங்க வீட்டுலயும் கேட்டு உண்டும். இப்ப தொறந்தேதான் கெடக்கு."

மறுநாள் காலை மனைவி கேட்டைத் திறந்துவிட்டு என் பக்கத்தில் வந்து நிற்கும்வரை நான் சாவியைத் தொடவில்லை. அவர் வீட்டில் கேட்டைத் திறந்துகொண்டிருந்தது யார் என்று கேட்க, இன்றுவரை எனக்குத் தைரியம் வரவில்லை.