சாமி அறையில் இருந்த மாத்திரை

போன ஆடி மாதம், ஒரு வியாழக்கிழமை. காலை ரயிலில் எங்கள் ஊர் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பங்காருபேட்டை தாண்டியதும் அடிவயிறு லேசாக இழுத்தது. அலுவலகம் போய்ச் சேர்ந்ததும் கழிவறையில் பார்த்தேன். கறை. இந்த மாதமும் குழந்தை இல்லை.

நான் அழவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி மூன்று வருடத்தில் அழுத மாதங்கள் நிறைய உண்டு. அன்றைக்கு ஒன்றுமே வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதடு எப்படி இருக்கும்? தொட்டால் தெரியும், ஆனால் வேறு யாருடைய உதடோ மாதிரி இருக்கும். எனக்கு உள்ளே முழுவதும் அப்படி இருந்தது. என் வீட்டுக்காரர் தினேஷுக்கு "வந்துடுச்சு" என்று ஒரு வார்த்தை அனுப்பினேன். அவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படத்தை அனுப்பினார். உடனே, "ஐயோ தப்பா அமுக்கிட்டேன்" என்றார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. வேலையைப் பார்த்தேன்.

அம்மனை நம்புகிற அக்கா தங்கைகளே, நான் பவானி. வயது இருபத்தெட்டு. கம்ப்யூட்டர் நிரல்களில் தப்பு கண்டுபிடிப்பதுதான் என் வேலை. எதையும் உடனே தெரிந்துகொள்ள வேண்டும், தெரிந்ததை உடனே செய்து முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. "இவளுக்கு காலுல சக்கரம், கையில போனு" என்பார் என் அத்தை, அதாவது மாமியார். ராபர்ட்சன்பேட்டை டாக்டரம்மா எனக்கு நீர்க்கட்டி இருக்கிறது என்று சொன்ன அன்று, வீடு திரும்பும் ஆட்டோவிலேயே அதைப் பற்றி எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டேன். ஓட ஆரம்பித்தேன். சர்க்கரையை விட்டேன். மாதக் கணக்கு வைக்கப் போனில் ஒரு ஆப் இறக்கினேன். ஆனால் என் உடம்புக்குக் கணக்கே கிடையாது. ஒரு முறை ஐந்து வாரம், ஒரு முறை ஏழு வாரம். எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆடி பிறப்பதற்கு முன்பு டாக்டரம்மா ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கருமுட்டை வளர்வதற்கான மாத்திரை. "அடுத்த தடவை ஒழுங்கா பீரியட்ஸ் வரட்டும். ரெண்டாம் நாள்ல இருந்து, டிபன் சாப்பிட்டு, அஞ்சு நாள் போடு" என்றார். அவசரக்காரி நான். "ரெண்டாம் நாள்" என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. "ஒழுங்கா" விழவில்லை.

மாத்திரை வாங்கி வந்த அன்று அத்தை வாசலிலேயே அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நேராகச் சாமி அறைக்குக் கொண்டுபோய் அம்மன் படத்தின் காலடியில் வைத்தார்.

"அவ பாத்து அனுப்பட்டும். அப்புறம் உன் வயித்துக்குள்ள போவட்டும்."

எங்கள் வீட்டில் எது புதிதாக வந்தாலும் அங்கே போய்த்தான் வரும். தினேஷுக்கு ஃபேக்டரியில் வேலை கிடைத்த ஆர்டர்கூட மூன்று நாள் அங்கேதான் இருந்தது. அதனால் நானும் அதை அங்கேயே விட்டுவிட்டேன்.

கறை பார்த்ததற்கு மறுநாள் ஆடி வெள்ளி. கணக்குப்படி எனக்கு இரண்டாம் நாள். லீவு போட்டிருந்தேன். தினேஷ் முதல் ஷிஃப்டுக்குப் போய்விட்டார். கூழ் ஊற்றும் நாள் என்பதால் அத்தை விடிந்ததும் கோயிலுக்குப் போய்விட்டார். நான் இட்லி சாப்பிட்டேன். டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு சாமி அறை வாசல் வரை போனேன். அப்போதுதான் உறைத்தது.

மாதவிடாயை எங்கள் வீட்டில் தூரம் என்போம். தூரமான பெண் மூன்று நாள் சாமி அறைக்குள் கால் வைக்கக் கூடாது. மாத்திரை உள்ளே இருக்கிறது. நான் வெளியே இருக்கிறேன்.

கல்லூரியில் இந்த வழக்கத்தை எதிர்த்து மேடையேறிப் பேசிக் கைதட்டு வாங்கியவள் நான். வீட்டில் யாரும் இல்லை. நிலைப்படியிலிருந்து பார்த்தால் மாத்திரை அட்டையின் வெள்ளி விளிம்பு தெரிகிறது. எட்டி எடுத்திருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் நான் போகவில்லை. பக்தியா, பயமா, பழக்கமா? இன்றுவரை எனக்குத் தெரியாது. கால் நகரவில்லை. அவ்வளவுதான்.

அத்தைக்குப் போன் போட்டேன். பின்னால் உடுக்கைச் சத்தம்.

"இன்னாடி? காது கேக்கல! கூழு கிண்டிகினு கீறேன்!"

"அத்தை, மாத்திர உள்ள கீது. இன்னைக்குப் போடணும்."

"உள்ள போவாத! நான் வந்து எடுத்துத் தரேன்."

"எப்ப வருவீங்க?"

"கூழு ஊத்தித்தான் வர முடியும். அண்டாவ தலைல வெச்சிகினா வருவாங்க?"

போனை வைத்துவிட்டார்.

நான் நிலைப்படிக்கு வெளியே தரையில் உட்கார்ந்தேன். எதிரே அம்மன் படம். விளக்கு ஏற்ற முடியாது, பூ வைக்க முடியாது. தூரமான நாளில் வேண்டலாமா கூடாதா என்றுகூட எனக்குத் தெரியாது. வாய்விட்டுச் சொன்னேன். "அம்மா, எனக்கு ஒண்ணுமே தோணல. இன்னொரு மாசம் இதையே செய்ய என்னால முடியாது. என் உடம்புக்குள்ள இன்னா நடக்குதுன்னு எனக்குப் புரியல. நீ பாத்துக்கோ." கடையில் சாமான் கேட்கிற குரலில்தான் சொன்னேன். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. உருக்கம் இல்லை. இதுவா வேண்டுதல் என்று எனக்கே அலுப்பாக இருந்தது.

சும்மா உட்கார எனக்குத் தெரியாது. போனை எடுத்தேன். முந்தின நாள் அந்த ஆப்பில் "தொடங்கியது" என்று மட்டும் அவசரமாக அமுக்கியிருந்தேன். ரத்தப்போக்கு எப்படி என்று அது கேட்டதைக் கவனிக்கவில்லை. இப்போது அந்தக் கேள்வி திரும்ப வந்து நின்றது. மூன்று துளி வரைந்த ஒரு படம். இரண்டு துளி. ஒரு துளி. கடைசியில் வெறும் புள்ளி.

எதை அமுக்குவது? விரல் நின்றுவிட்டது.

எனக்கு இரண்டாம் நாள் என்றால் இடுப்பு ஒடியும். காலையில் வைத்த நாப்கின் பத்து மணி தாங்காது. எழுந்து போய்ப் பார்த்தேன். ஏறக்குறைய சுத்தமாக இருந்தது. ஓரத்தில் காப்பிக் கறை மாதிரி ஒரு தீற்றல், நேற்று பார்த்த அதே நிறம். ஒரு துளியின் படம்கூட இதற்குப் பொருந்தாது.

புள்ளியை அமுக்கினேன்.

நேற்றைய தேதியைச் சுற்றியிருந்த சிவப்பு வட்டம் அழிந்துபோனது. முதல் நாள் என்று எதுவுமே இல்லை. அதற்குப் பதிலாக மேலே ஒரு வரி வந்தது: உங்கள் மாதவிடாய் தாமதமாகிறது.

அப்போதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வேலையில் ஒரு தப்பு கண்ணில் பட்டால் வருமே, ஒரு சின்ன உஷார், அதுதான் வந்தது.

மதியம் அத்தை தூக்கில் கூழோடு வந்தார். கால் கழுவிக்கொண்டு நேராக உள்ளே போய், குங்குமம் ஒட்டிய அட்டையோடு வெளியே வந்தார்.

"இந்தா. தண்ணி எங்க?"

"அத்தை, நான் இப்ப போடல."

"இன்னாது?"

"இது தூரந்தானான்னே எனக்கு சந்தேகமா கீது."

"அதுல இன்னாடி சந்தேகம்? வந்தா வந்துது, வரலேன்னா வரல. கரண்டு மாதிரி."

"கரண்டும் சில நாளு மங்கலா வருதே அத்தை."

அத்தை என்னையே பார்த்தார். "அம்மன் காலடியில வெச்சத வேணான்னு சொல்லக் கூடாதுடி."

"வேணான்னு சொல்லல. டாக்டரம்மாவ ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடறேன். நீங்களும் வாங்க."

"கூழு?"

"வந்து குடிக்கலாம்."

ராபர்ட்சன்பேட்டை போய்ச் சேரும் வரை ஆட்டோவில் அத்தை கூழைப் பற்றியே புலம்பிக்கொண்டு வந்தார். கிளினிக்கில் நர்ஸ் ஒரு சின்னக் கப்பைக் கொடுத்தார். நான் அதில் சிறுநீர் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்ததும் கன்னடத்தில் "கூத்கொள்ளி" என்று பெஞ்சைக் காட்டினார். உட்கார்ந்தோம். பிறகு உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டரம்மா மேசையில் அந்த டெஸ்ட் அட்டை இருந்தது. இரண்டு கோடு. அவர் முதலில் கேட்டது வாழ்த்து அல்ல.

"அந்த மாத்திரை? போட்டுட்டியா?"

"இல்ல டாக்டர்."

பேனாவைக் கீழே வைத்தார். "நல்லதாப் போச்சு. கர்ப்பமா இருக்கறப்ப அதைப் போடவே கூடாது. வயித்துல இருக்கிறதுக்கு ஆபத்து. இன்னைக்குப் போட்டிருந்தா இப்ப நான் உன்கிட்ட வேற மாதிரி பேசிகிட்டிருப்பேன்."

அத்தை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றார். டாக்டரம்மாவைக் கூப்பிட்டாரா, அம்மனைக் கூப்பிட்டாரா தெரியவில்லை.

நான் கேள்விமேல் கேள்வி கேட்டேன். இதை எப்படித் தெரிந்துகொள்வது? எதை வைத்துப் பிரிப்பது? அவர் சொன்னதை உங்களுக்காக அப்படியே எழுதுகிறேன். "பீரியட்ஸ்னா போகப் போகக் கூடும். சிவப்பா வரும், நாப்கின் நனையும், நாலஞ்சு நாள் இருக்கும். கர்ப்பத்தோட ஆரம்பத்துல வர்ற கறை பெரும்பாலும் பழுப்பா, இல்லேன்னா ரோஸா இருக்கும். கொஞ்சமா வரும், நிக்கும், மறுபடி வரும். ஆனா நிறத்தை மட்டும் பாத்து முடிவு பண்ணாதே. சில பேருக்கு பீரியட்ஸே இப்படித்தான் ஆரம்பிக்கும். சந்தேகம்னா டெஸ்ட் எடு. இல்லேன்னு வந்தும் பீரியட்ஸ் வரலேன்னா சில நாள் கழிச்சு மறுபடி எடு. டெஸ்ட்ல இருக்குன்னு வந்துட்டா, அப்புறம் சொட்டுக் கறை பட்டாலும் வந்து காட்டு. ஒரு பக்கமா வயித்து வலி, தோள்பட்டை வலி, மயக்கம், நாப்கின் நனையற அளவுக்குப் போக்கு, இதுல எது வந்தாலும் நேரம் காலம் பாக்காதே. ஆஸ்பத்திரிக்கு ஓடு."

எனக்கு வந்திருப்பது ஒன்றுமில்லாத கறையாகவும் இருக்கலாம், கரு கலைவதன் தொடக்கமாகவும் இருக்கலாம், கரு குழாயில் தங்கியதாலும் இருக்கலாம் என்றார். அன்றே ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் பார்த்தார்கள். கருப்பைக்குள்தான் ஒரு சின்னப் பை தெரிந்தது. இதயத் துடிப்பு தெரிய இன்னும் நாள் ஆகும், இரண்டு வாரம் கழித்து வா என்றார்.

அந்த இரண்டு வாரம்தான் எனக்கு மிக நீளமான நாட்கள். கறை நடுநடுவே வந்தது. ஒவ்வொரு முறையும் போய்க் காட்டினேன். பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள். தினேஷ் ஒரு நாள் சாப்பிடும்போது மெதுவாக, "பேரு எதனா யோசிச்சி வெக்கலாமா?" என்றார். "வேணாங்க" என்றேன். என்னால் ஆசைப்படவும் முடியவில்லை, பயப்படவும் முடியவில்லை. தினமும் நிலைப்படிக்கு வெளியே உட்கார்ந்து அதே வார்த்தையைச் சொன்னேன். நீ பாத்துக்கோ. வேறு வார்த்தை வரவில்லை.

இரண்டாவது ஸ்கேனில் டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். கறுப்புக்குள் அரிசி மாதிரி ஒன்று. அதன் நடுவில் விட்டு விட்டு ஒரு மினுக்கல்.

"பாரு. துடிக்குது."

வெளியே அத்தை தேம்பித் தேம்பி அழுதார். பெஞ்சில் இருந்த முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் சொன்னார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆட்டோ மார்க்கெட் பக்கம் திரும்பியபோது, எங்கிருந்தோ பஜ்ஜி வாசனை வந்தது. எனக்குப் பசித்தது. பல மாதமாக மணி பார்த்துச் சாப்பிட்டவளுக்கு, நிஜமாகவே பசித்தது. "அத்தை, பஜ்ஜி வேணும்" என்றேன். அழுகையை நிறுத்திவிட்டு ஆட்டோவை நிறுத்தச் சொன்னார்.

மகள் பங்குனியில் பிறந்தாள். இப்போது அவளுக்கு நான்கு மாதம்.

அந்த மாத்திரை ஃபிரிட்ஜ் மேலே இருந்திருந்தால் இட்லியோடு விழுங்கியிருப்பேன். இது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால் அந்தத் தடை சரி என்று சொல்ல வருகிறேன் என நினைக்காதீர்கள். அதை நான் இன்னும் எதிர்க்கிறேன். இப்போது எனக்கு மாதவிடாய் வந்தாலும் நான் உள்ளே போகிறேன், விளக்கு ஏற்றுகிறேன். அத்தை முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பாத்தியா, ஐதீகந்தான் உன் கொயந்தைய காப்பாத்திச்சி" என்று இன்னும் சண்டைக்கு வருவார். "ஐதீகம் இல்ல அத்தை, உங்க கூழுதான்" என்பேன். உண்மையில் நான் நம்புவது இதுதான்: அன்று என்னைத் தடுக்க அம்மனுக்கு என்ன கிடைத்ததோ அதை எடுத்துக்கொண்டாள்.

என்னோடு வேலை செய்கிற ஒருத்திக்கும் அதே மாதத்தில் இதே மாதிரி கறை வந்தது. அவளும் வேண்டினாள், என்னைவிட உருகி வேண்டினாள். அவளுக்குத் தங்கவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால் அது பொய். அவள் பெயரையும் சேர்த்துத்தான் இப்போது விளக்கு ஏற்றுகிறேன்.

அக்கா தங்கைகளே, சந்தேகம் வந்தால் முதலில் டெஸ்ட் எடுங்கள், டாக்டரிடம் போங்கள். அதையும் அவள்தான் நமக்குக் கொடுத்திருக்கிறாள். அதோடு, உங்களில் யாருக்காவது உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தால், அழுகை வரவில்லையே, இது வேண்டுதல் ஆகுமா என்று விலகி நிற்காதீர்கள். என் மகள் பிறந்த மூன்றாம் நாள், பால் குடித்துக்கொண்டே அவள் தூங்கிப்போனபோது, காரணமே இல்லாமல் நான் அழ ஆரம்பித்து நிறுத்த முடியாமல் அழுதேன். எனக்கு அழுகை வர அத்தனை மாதம் ஆனது. அம்மன் அதற்காகக் காத்திருக்கவில்லை. வறண்ட வாயால் சொன்னதை அன்றைக்கே கேட்டுக்கொண்டாள். நீங்களும் சொல்லிப் பாருங்கள்.