விரிசலுக்குத் தேதி

எங்கள் வீட்டின் மேல் ஆகாய விமானம் விழுந்தால் நஷ்ட ஈடு உண்டு. சோதனைக்காக ஏவிய ஏவுகணை வழி தவறி எங்கள் சமையலறைக்குள் வந்தாலும் உண்டு. கலவரம், நிலச்சரிவு, மரம் விழுதல், லாரி மோதுதல் எல்லாவற்றுக்கும் உண்டு. வீட்டுக்குத் தானாக வயசானால் மட்டும் ஒரு காசு கிடையாது. வீட்டு இன்ஷூரன்ஸ் பத்திரத்தை நான் முதன்முதலாகப் படித்தது, அப்பாவின் அறைக் கூரைப் பூச்சு பெயர்ந்து அவர் கட்டிலின் மேல் விழுந்த அன்றுதான். அதுவரை அது, வீட்டுக் கடனோடு சேர்த்து வங்கிக்காரர்கள் என் தலையில் கட்டிய காகிதம்.

நடந்தது இதுதான். செகந்திராபாத் பக்கம் மௌலா அலியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டி ஒரு நாள் பிற்பகல் அடியோடு வெடித்தது. அத்தனை தண்ணீரும் அப்பாவின் அறைக்குள் இறங்கியது. அவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததால் பிழைத்தார். பத்திரத்தில் ‘தண்ணீர்த் தொட்டி வெடித்தல்’ என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்ததும் எனக்கு அந்தப் பாழாய்ப்போன தொட்டி மேல் பாசமே வந்துவிட்டது. நாலு வரி தள்ளி இன்னொன்றும் இருந்தது: தேய்மானம், நாள்பட்ட கசிவு, பழைய விரிசல் ஆகியவை சேராது.

அந்த வரியில்தான் சிக்கல். காரணம், என் அப்பா.

அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். வேகன்களுக்கு அடியில் புகுந்து இரும்பில் விரிசல் தேடுவது அவர் வேலை. கண்டுபிடித்தால் விரிசல் முடியும் இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுவார். அடுத்த முறை அந்த வேகன் வரும்போது விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் அது வளர்கிறது, அவர் பாஷையில் ‘ஓடுகிறது’; தாண்டாவிட்டால் நிற்கிறது. ஓய்வு பெற்ற பிறகு தேடுவதற்கு வேகன் இல்லை. வீடு இருந்தது. அவர் அறைக் கூரையின் மூலையில் தொடங்கிச் சுவர் வழியாக ஜன்னலை நோக்கி இறங்கிய ஒரு மெல்லிய விரிசலுக்கு, ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் பென்சிலால் ஒரு கோடு, ஒரு தேதி. பதினொரு கோடுகள் சேர்ந்துவிட்டன. கொத்திவிட்டுப் புதிதாகப் பூசலாம் என்றால் கேட்க மாட்டார்.

“ஓடலம்மா, ஊர்ந்துக்கினு இருக்குது. நான்தான் பாத்துக்கினு இருக்கறேனே, கைக்கு பயப்படற?” என்பார். தாத்தா காலத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து கொண்டுவந்த தமிழில் இங்கத்திய இந்தியும் கலந்துதான் எங்கள் வீட்டில் பேச்சு; ‘கைக்கு’ என்றால் எதற்கு.

எண்பது வயதில் அவருக்குப் பெருமை என்று மிஞ்சியிருந்தவை கண்ணும் ஞாபகமும்தான். யாருடைய கல்யாணம் எந்த வருஷம் நடந்தது என்று யாராவது தவறாகச் சொன்னால் சண்டைக்கே போய்விடுவார். ஜெயிக்கவும் செய்வார்.

இழப்பை மதிப்பிட சர்வேயர் செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொன்னார். அந்தப் பதினொரு தேதிகளை அவர் பார்த்தால் போதும், பூச்சு விழுந்தது தொட்டியால் அல்ல, பழைய விரிசலால் என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அப்புறம் அப்பா வாழ்நாள் முழுக்கக் கூடத்துச் சோபாவில்தான் படுக்க வேண்டும், ஏனென்றால் கூரையைச் சொந்தச் செலவில் செய்ய என்னிடம் பணம் இல்லை. கோட்டைப் பற்றிப் பேசாதீர்கள் என்று அப்பாவிடம் கேட்கலாம் என்றால், அவர் உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியாத மனிதர். எனக்கு எரிச்சலாக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை அப்பா ஸ்டேஷன் பக்கம் நடக்கப் போனதும் ஈரத்துணியால் சுவரை அழுந்தத் துடைத்தேன். பதினொரு வருஷம் ஐந்து நிமிஷத்தில் போய்விட்டது.

சர்வேயர் வந்தார், படம் எடுத்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் திரும்பி, “எப்பட்னுஞ்சி உந்தி அங்கிள், ஈ கிராக்?” என்று கேட்டார். விரிசல் எப்போதிலிருந்து இருக்கிறதாம். அப்பாவின் முகம் மலர்ந்தது. இத்தனை வருஷத்தில் முதன்முதலாக ஒருவர் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறார். ஜன்னல் பக்கம் போய்ச் சுவரைக் காட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“எங்கம்மா, நான் போட்ட கோடு?”

“என்ன கோடு, அப்பா? இங்க ஒண்ணும் இருந்ததே இல்லையே. அதெல்லாம் ஒர்க்‌ஷாப்ல நீங்க போட்டது.”

“இல்லியா?”

“இல்லப்பா.”

சர்வேயர் என்னைப் பார்த்தார். “உமர் ஹோ கயா சார், பூல் ஜாதே” என்றேன். வயசாகிவிட்டது, மறந்துபோகிறார் என்று அர்த்தம். அப்பாவுக்கு என்னைவிட நன்றாக இந்தி தெரியும். சர்வேயர் தன் வீட்டிலும் அப்படித்தான் என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்கு வயசானால் ஒன்றும் தர மாட்டார்கள். வீட்டுக்காரருக்கு வயசானால் பிரச்சினை இல்லை.

பணம் வந்தது. கூரையும் சுவரும் புதிதாயின. பணம் வந்ததும் சொல்லிவிடலாம் என்று இருந்தேன், பிறகு வேலை முடிந்ததும் சொல்லலாம் என்று தள்ளினேன். சொல்ல வாய் வரவில்லை. வெட்கம், வேறென்ன. அப்பா அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. ஆனால் மாத்திரை போட்டேனா, கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா என்று ஒவ்வொன்றுக்கும் என்னைக் கேட்க ஆரம்பித்தார். கல்யாண வருஷங்களை யார் தவறாகச் சொன்னாலும் சும்மா இருந்தார். ஒரு நாள் அவராகவே, “டாக்டர் கிட்ட காட்டணும்மா, ஞாபகம் போவுது” என்றார்.

டாக்டரம்மா செகந்திராபாத் தமிழ்க்காரர். மறதி எப்போது தொடங்கியது என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா யோசிக்கக்கூட இல்லை.

“செவ்வாக்கெழம, காலைல பதினொண்ணே கால். இன்ஷூரன்ஸ் ஆளு நீலச் சட்ட போட்டுக்கினு வந்திருந்தான். போடாத கோட்ட போட்டேன்னு அவன்கிட்ட காட்டப் போயிட்டேன். நல்லவேள, எம் பொண்ணு பக்கத்துல இருந்துச்சு, மானத்த காப்பாத்துச்சு.”