விட்டத்தில் இருந்த எழுத்து

கடலூரில் பிறந்து பதினேழு வயது வரை அங்கேயே வளர்ந்தவனுக்கு அந்த ஊரைச் சுற்றிக் காட்ட ஒரு கைடு தேவையா? 2009-ஆம் வருடம் என் மகன் அப்படித்தான் ஏற்பாடு செய்தான். பெங்களூரிலிருந்து லீவில் வந்தவன், எங்கள் இருவருக்காக மட்டும் ஒரு காரையும் கட்டடக்கலை படித்த ஒரு பெண்ணையும் இரண்டு நாளைக்குப் பேசி வைத்திருந்தான். முதல் நாள் சிதம்பரம், மறுநாள் கடலூர் பழைய டவுன்.

"எனக்குத் தெரியாத சந்தா அங்க? நானே சொல்றேண்டா" என்றேன்.

"நீங்க கதை சொல்வீங்கப்பா. அவுங்க விஷயம் சொல்வாங்க."

அவன் சொன்னது சரிதான். அந்தப் பெண் பரங்கிப்பேட்டைக்காரி. சிதம்பரம் கோபுரத்தின் கல் எங்கே முடிகிறது, செங்கல் எங்கே தொடங்குகிறது என்று கையை நீட்டிக் காட்டினாள். மறுநாள் பழைய டவுனில் வளைவு வைத்த ஒரு வீட்டின் முன்னால் நின்று, "இத டச்சுக்காரங்க கட்டினதுன்னு எல்லாரும் சொல்றாங்க சார். எனக்கு நம்பிக்கையில்ல. செங்கல் அளவு ஒத்து வரல" என்றாள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னாள். எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி இப்படிப் பேசுகிறாளே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு வணிக வளாகம் வந்ததும், "இங்க பாக்க ஒண்ணும் இல்ல சார், போலாம்" என்றாள். நான் நின்றுவிட்டேன். அதை ஒட்டிய சந்தின் வாயில், லாரி நுழையாமலிருக்க ஒரு ரயில் தண்டவாளத்தைத் துண்டாக வெட்டிச் செங்குத்தாக நட்டிருந்தார்கள். அதன் பக்கவாட்டில், பல வருடத்து பெயிண்டுக்கு அடியில், எழுத்துகள் மேடாகத் தெரிந்தன.

"என்னமோ இருக்கு சார், ஆனா படிக்க முடியாது" என்றாள் அவள்.

நான் விரலால் தடவிப் படித்தேன். ஸ்டீல் என்ற சொல், பிறகு நான்கு எண்கள்.

"பாத்தீங்களா மேடம், எழுபது வயசு! விரலாலயே படிக்கிறாரு" என்று மகன் அதைப் படம் பிடித்தான்.

"இது இங்க எப்படி வந்துச்சுன்னு தெரியுமா சார்?"

"தெரியாதும்மா. ரயில்வேக்காரங்க போட்டிருப்பாங்க" என்றேன்.

அது நான் அறிந்த அதே தண்டவாளம்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் தெரியாது என்று நான் சொன்னது பொய். நாள் முழுவதும் தெரியாததைத் தெரியாது என்று சொன்ன பெண்ணிடம், தெரிந்ததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அந்த வளாகம் நிற்கும் இடத்தில், எனக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு பழைய கிடங்கு இருந்தது. அதில்தான் என் அத்தை பள்ளிக்கூடம் நடத்தினாள். அப்பாவின் தங்கை அவள். புருஷன் ரங்கூனுக்குப் போய்த் திரும்பவில்லை. எட்டாம் வகுப்புதான் படித்திருந்தாள். வாத்தியார் டிரெயினிங் கிடையாது. அந்தக் கிடங்கு இருக்கும் வரைதான் அவளுக்கு அந்த வேலை. துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர்களின் பிள்ளைகள் நாற்பது பேர் அங்கே படித்தார்கள். அவர்களில் பாதிப் பேர் பெண் பிள்ளைகள். வேறு பள்ளிக்கூடம் தூரத்தில் இருந்தது. அவ்வளவு தூரம் யாரும் பெண்ணை அனுப்ப மாட்டார்கள்.

கிடங்கின் கூரையை மர விட்டத்துக்குப் பதிலாக ரயில் தண்டவாளங்கள் தாங்கின. உள் அறை வாசலின் மேலேயும் உத்தரமாக ஒரு தண்டவாளம். அதில் ஆங்கில எழுத்துகள் மேடாக இருந்தன. ஐந்து வயதில் அத்தை என்னை ஸ்டூலில் ஏற்றி, என் விரலைப் பிடித்து அந்த எழுத்துகளின் மேல் ஓட்டினாள். ஆங்கிலத்தில் நான் முதலில் படித்த சொல் அதுதான். பின்னாளில் ஆங்கிலப் பேராசிரியராக ஓய்வு பெற்றேன். தொடக்கம் அந்த இரும்பில்.

என் பத்தாவது வயதில் துறைமுகச் சாலையை அகலப்படுத்தப் போவதாகப் பேச்சு வந்தது. எந்தப் பழைய கட்டடத்தை வைத்துக்கொள்வது, எதை எடுப்பது என்று பார்த்து எழுத மதராஸிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். பழைய கட்டடங்கள் மேல் பிரியம் உள்ளவர். சிதம்பரத்தையும் பார்க்க ஆசைப்பட்டார். அவருக்குச் சுற்றிக் காட்டும் வேலை என் அப்பாவுக்கு வந்தது. அப்பா கடலூரில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. ஆனால் பிறந்தது சிதம்பரத்தில், கோபுர வாசலுக்கு எதிர்த் தெருவில். இளவயதில் வெளியூர்க்காரர்களுக்குக் கோயிலைக் காட்டிப் பழகியவர். அப்பா பேசினால் கல்லைப் பார்ப்பவர்கள் கண்ணை எடுக்க மாட்டார்கள். முதல் நாள் சிதம்பரத்துக்கு என்னையும் கூட்டிப்போனார்.

வடக்குக் கோபுரத்தில் கைகூப்பி நிற்கும் ராஜாவைக் காட்டி, அந்த இன்ஜினியர் ஆபீசர், "இது யாரு?" என்று கேட்டார். அப்பா ஒரு கணம் தடுமாறினார். பள்ளிப் புத்தகத்தில் படித்திருந்த நான் பட்டென்று சொன்னேன். நாட்டியச் சிலைகள் எத்தனை என்று கேட்டார். அதற்கும் நான் முந்திக்கொண்டு நூற்றெட்டு என்றேன்.

ஆபீசர் என் முதுகில் தட்டி, "அப்பாவவிட நீ கெட்டிக்காரனா இருக்கியே!" என்றார்.

"எம் புள்ள சார். கிளாஸ்ல மொத ஆளு" என்றார் அப்பா. அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்பாவைத் திருத்தினால் அப்பாவுக்கே சந்தோஷம் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

மறுநாள் அப்பா என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஆபீசர், "அந்தக் கெட்டிக்காரனையும் கூட்டியாங்க" என்று சொல்லிவிட்டார். அப்பா எனக்கு இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்க அவருக்குத் தோன்றவில்லை. பத்து வயதுப் பையனிடம் என்னவென்று சொல்வது?

அதற்கு முந்தைய வாரம் அப்பா தன் கையாலேயே அந்தக் கிடங்குக்கு வெள்ளையடித்திருந்தார். வாசலின் மேலிருந்த தண்டவாளத்துக்கு மட்டும் மூன்று முறை அடித்தார். ஆபீசர் வருவதால் இந்த மரியாதை என்று நினைத்தேன். என் எழுத்துகள் மங்கிப்போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு, பாயில் வரிசையாக உட்கார்ந்தார்கள். அத்தை தன்னிடமிருந்த ஒரே ஒரு நல்ல புடவையைக் கட்டியிருந்தாள். அப்பா தொடங்கினார்.

"டச்சுக்காரன் கட்டின கிடங்கு சார் இது. இருநூறு வருஷத்துக்கு ஜாஸ்தியாவே இருக்கும். சுவத்தத் தொட்டுப் பாருங்க, எவ்ளோ கனம்! உள்ளூர் தறியில நெய்த துணிய இங்க மூட்டையா அடுக்கி வச்சு, ஆத்துல படகுல ஏத்திக் கப்பலுக்குக் கொண்டுபோவாங்க. இந்த வாசப்படி தேஞ்சிருக்கு பாருங்க, அவ்வளவும் மூட்டை தூக்குனவங்க காலு."

படி தேய்ந்திருந்தது உண்மை. மற்றதெல்லாம் அப்பா கட்டியது. எவ்வளவு அழகாகக் கட்டினார்! இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பெருமைதான். ஆபீசர் குனிந்து படியைத் தடவினார். அவர் கையில் ஒரு முனை நீலமும் மறுமுனை சிவப்புமான பென்சில் இருந்தது. வரைபடத்தில் நீல முனையால் ஒரு கோடு போட்டு, "இது இருக்கட்டும். ரோட்டை அந்தப் பக்கம் தள்ளிக்கலாம்" என்றார்.

அத்தை சுவரில் சாய்ந்துகொண்டாள்.

இவ்வளவு நேரமும் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆபீசர் கிளம்பத் திரும்பினார். எனக்குத் தெரிந்த ஒரு பெரிய விஷயம் அவருக்குத் தெரியாமலே போகப்போகிறது.

"சார், இங்க இங்கிலீஷ்ல எழுதியிருக்கு!"

அத்தையின் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். பல்பத்தால் சுண்ணாம்பைச் சுரண்டினேன். ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி, ஸ்டீல் என்று சேர்த்துப் படித்து, வருடத்தையும் படித்தேன். அதோடு விடவில்லை. மனதுக்குள் கழித்துப் பார்த்துவிட்டு, "அப்பா சொன்ன மாதிரி இருநூறு இல்ல சார். எழுபதுகூட ஆகல" என்றேன்.

அப்பா சிரித்தார். "அது பின்னாடி ரிப்பேர்ல வச்சது சார். பழைய உத்தரத்தச் செல்லு அரிச்சிடுச்சு."

"இல்லப்பா, மேல பாருங்க, அல்லாமே தண்டவாளந்தான்! பதினொண்ணு. நான் எண்ணியிருக்கேன்."

ஆபீசர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். பிறகு அத்தையிடம் திரும்பினார். "டீச்சர், நீங்க தெனமும் இங்க இருக்கிறவங்க. பையன் சொல்றது சரியா?"

"சரியாத்தான் சொல்றான் சார்" என்றாள் அத்தை.

ஆபீசர் பென்சிலைத் திருப்பிப் பிடித்து, நீலக் கோட்டின் மேலேயே சிவப்பில் ஒரு கோடு போட்டார். போகும்போது அந்தப் பென்சிலை என் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போனார்.

வீடு திரும்பும் வழியில் அப்பா எனக்கு வறுத்த மல்லாட்டை ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். திட்டவில்லை. கொஞ்சம் வேகமாக முன்னால் நடந்தார், அவ்வளவுதான்.

அந்த வருடமே கிடங்கை இடித்தார்கள். ஆண் பிள்ளைகள் சிலர் தூரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். பெண் பிள்ளைகள் ஒருத்தியும் போகவில்லை. அத்தை சிதம்பரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் சமையலை மேற்பார்வை பார்க்கும் வேலைக்குப் போனாள். பிறகு எங்கேயும் பாடம் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருமுறை பார்க்கப் போனேன். விடுதிப் பெண்களைக் கூப்பிட்டு, "எங்கண்ணன் பையன். காலேஜ்ல இங்கிலீஷ் வாத்தியாரு. மொத எழுத்து நான் சொல்லிக் குடுத்தது" என்றாள். நான் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அதைக் கேட்காமலே சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அப்பாவோ அந்தக் கதையை ஊரெல்லாம் சொன்னார். "மதராஸ் ஆபீசரையே கணக்குல மடக்கிட்டான் எம் புள்ள" என்று ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தபோது, என் தாய்மாமா குறுக்கிட்டார். "ஆபீசர மட்டுமா மச்சான் மடக்குனான்? ஒந் தங்கச்சி வேலையயும் சேத்துல்ல மடக்கிட்டான்!"

"இருக்கிறதப் படிச்சான். அதுல என்னாடா தப்பு?" என்றார் அப்பா. அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் சொல்லிக் கேட்டதில்லை.

ஒன்றை மேலே சரியாக எழுதவில்லை. ஆபீசர் கேட்டவுடனே அத்தை பதில் சொல்லிவிடவில்லை. முதலில் அப்பாவைப் பார்த்தாள். அப்பா பார்வையாலேயே கெஞ்சிக்கொண்டிருந்தார். பாயில் உட்கார்ந்திருந்த நாற்பது பேரையும் பார்த்தாள். சரியாகப் படித்த பிள்ளையைத் தப்பாகப் படித்தாய் என்று அவர்கள் முன்னால் அவள் ஒருநாளும் சொன்னதில்லை. பிறகு சுண்ணாம்பு உதிர்ந்திருந்த அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாவம், அத்தைக்குக் கண் மங்கிவிட்டது, எழுத்துக் கூட்டிப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். ஆபீசர் முன்னால் அவள் தோற்றுவிடக் கூடாதே என்று, ஸ்டூலில் நின்றபடியே, ஒவ்வோர் எழுத்தின் மேலும் விரலை வைத்து அவளுக்குக் காட்டினேன்.