வளர்ச்சிக் கட்டணம் எந்தத் தெருவுக்கு?

திருவையாறு பக்கம் வாங்கிய மனையில் வீடு கட்ட அனுமதி கேட்டு, இன்று பேரூராட்சி அலுவலகம் போயிருந்தேன்.

கட்டச் சொன்ன தொகைகளில் 'வளர்ச்சிக் கட்டணம்' என்று ஒன்று இருந்தது. மனை இருக்கும் எங்கள் தெருவில் வடிகால் கிடையாது. ஐப்பசி மழைக்குப் பக்கத்து வயல் தண்ணீர் தெருவில் ஏறிவிடும்.

"இது எதுக்குங்க மேடம்?" என்று எழுத்தரிடம் கேட்டேன்.

"ரோடு, வடிகால், தெருவிளக்குக்குத்தாங்க."

"எங்க தெருவுக்கா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "தெரியலைங்க. நானும் வீடு கட்டினப்ப இதைக் கட்டினேன். எங்க தெருவுலயும் வடிகால் இல்லை. கேக்கணும்னு தோணவே இல்லை."

இருவருமாகச் செயல் அலுவலரிடம் போனோம். "ரேட்டு அரசாணைப்படிதாங்க. எந்தத் தெருவுக்குச் செலவாச்சுன்னு தெரியணும்னா மனுவா எழுதிக் குடுங்க, பார்த்துச் சொல்றோம்" என்றார்.

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். எழுத்தர் அதை வாங்கிப் படித்தார். தன் தெருவின் பெயரையும் சேர்த்து, என் கையெழுத்துக்குக் கீழே தானும் கையெழுத்துப் போட்டார். பிறகு தன் நாற்காலிக்குப் போய், அதே மனுவைப் பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தி என்னிடம் ரசீது தந்தார்.

பதிலைத் தயார் செய்யப்போவதும் அவர்தானாம்.

உங்கள் ஊரில் யாராவது இதைக் கேட்டுப் பதில் வாங்கியிருந்தால் சொல்லுங்கள். அவருக்கும் உதவியாக இருக்கும்.