நீலக் கவுனின் மடிப்பு

என் கால்கள் இரண்டும் இத்தாலியில் ஒரு வீட்டுச் சுவரில் இருக்கின்றன. நான் அங்கே போனதில்லை. ஒன்பதாவதோடு படிப்பை விட்டுவிட்டு ஓசூர், திருப்பூர், சூரத் என்று வேலை கிடைத்த இடமெல்லாம் சுற்றியிருக்கிறேன், கடல் தாண்டியதில்லை. கால்கள் எனக்கு முன்னாலேயே போய்விட்டன. அனுப்பிவைத்தவர் என் தாய்மாமா.

மாமா இன்று இரண்டு கண்டங்களில் பேர் வாங்கிய ஓவியர். கோடையில் இத்தாலியில் ஷூ கம்பெனி முதலாளிகளையும் அவர்களுடைய வீட்டு அம்மாக்களையும் வரைகிறார். குளிர்காலத்தில் வேலூருக்கு வந்து பெரிய டாக்டர்களையும் காலேஜ் நடத்துகிறவர்களையும் வரைகிறார். நான் சொல்லும் காலத்தில் அவர் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் கலர் கலக்கிக்கொண்டிருந்தார். தோல் வாங்குகிற வெளிநாட்டு பையர் விரலளவு தோல் துண்டு ஒன்றை அனுப்புவார். அதே நிறம் இங்கே வர வேண்டும். மாமா கண்ணாலேயே சேர்த்துவிடுவார். மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பார். மேனேஜர் பழுப்பு டேன், அதில் கொஞ்சம் சிவப்பு ஜாஸ்தி, அம்மா நல்ல காப்பிக் கலர். என்னை இன்னும் ஸ்ப்ரே அடிக்காத தோல் என்பார்.

தோலுக்குச் சாயம் அடிக்கிற ஸ்ப்ரே அறையில் நின்று நின்று அவருக்கு இருமல் வந்திருந்தது. ராத்திரி தூங்கவிடாது.

டேனரி முதலாளி தொழுகை தவறாதவர். வீட்டில் உருவப்படம் மாட்டமாட்டார்கள். அதனால் மாமா கையில் வித்தை இருப்பது தெரிந்ததும், தன் முகத்துக்குப் பதில் பையருடைய முகத்தை வரையச் சொல்லிப் பரிசாகக் கொடுத்துவிட்டார். இப்படி மாமாவின் தொழில் ஆரம்பத்திலேயே வெளிநாட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. பையருக்கு அது பிடித்துப்போய், தன் மகளையும் வரையச் சொல்லி ஒரு போட்டோவும் அவளுடைய நீலக் கவுனும் அனுப்பினார். அடுத்த மாதம் நேரில் வருவார், படம் அவருடைய வீட்டம்மாவுக்குப் பிடித்திருந்தால் மாமாவை இத்தாலிக்குக் கூட்டிப்போவார் என்று மேனேஜர் சொன்னாராம்.

பணக்காரர்கள் வரைவதற்கு உட்காரமாட்டார்கள் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். முகத்துக்குப் போட்டோ, உடம்புக்கு நாங்கள். அப்பா எங்களை விட்டு பெங்களூர் போய் வெகுநாளாகிவிட்டது. ஆண்களின் கோட்டுக்கு மாமா தானே கண்ணாடி முன் நின்றுகொள்வார், சேலைக்கு அம்மா. கவுனுக்கு நான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அப்படி ஒரு துணியை நான் தொட்டதே இல்லை. மாமா அன்றைக்குக் கழுத்தும் கையும் மட்டும் வரைந்தார். நான் அந்தப் பெண்ணைவிட உயரம், கவுன் முட்டிக்கு மேலே ஏறிக்கொண்டது. இழுத்து இழுத்து விட்டேன்.

அம்மா ஷூ கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்தோல், தைக்கிறவள். எந்தத் துணியைக் கண்டாலும் முதலில் உள்பக்கம் திருப்பித்தான் பார்ப்பாள். கவுனின் அடியில் அகலமாக ஒரு மடிப்பு இருந்தது. வளர்கிற பிள்ளைக்கு எங்கள் ஊரில் எல்லாத் தாயும் மடித்துத்தான் தைப்பாள், வருடம் போகப் போக இறக்கிவிடுவாள். வெள்ளைக்காரிக்கும் இந்தப் புத்தி இருக்கிறதே என்று அம்மாவுக்குச் சந்தோஷம். யாரையும் கேட்காமல் தையலைப் பிரித்து, இஸ்திரி போட்டுவிட்டாள். மேலே வெயிலிலும் சோப்பிலும் வெளுத்த நீலம், அடியில் மடிப்புக்குள் இருந்த இடம் மட்டும் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த நீலம். ஒரு பட்டை போட்ட மாதிரி இருந்தது. எனக்கு அது இன்னும் பிடித்தது.

அடுத்த ஞாயிறு என்னைப் பார்த்ததும் மாமா பிரஷைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னாக்கா பண்ணி வச்சிருக்க?"

"இறக்கி விட்டேன். கொயந்த முட்டி தெரிய உக்காந்துனு இருக்குது."

"அவங்க பொண்ணோட துணிக்கா அது."

"கிழிச்சா வுட்டேன்? அது வளந்தா அவங்களும் இறக்கத்தானே போறாங்க."

மாமா கொஞ்ச நேரம் இருமினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"அந்தப் பொண்ணு இல்லக்கா. போன வருசமே பூட்ச்சி. ஜொரம்."

அம்மா உடனே என்னை எழுப்பி நிற்கவைத்துக் கவுனைத் தலைவழியாக உருவினாள். சாவு வீட்டுக்குப் போய்வந்த ஆளுக்கு ஊற்றுவதுபோல என் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். எனக்கு எதுவும் விளங்கவில்லை. கவுனில் ஏதோ அழுக்கு பண்ணிவிட்டேன் போலிருக்கிறது என்று பேசாமல் நின்றேன்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சு கம்மி. அம்மா மாமாவுக்குச் சோறு போடுவாள், முகம் பார்க்கமாட்டாள். ஒரே ஒரு தரம் கேட்டாள், முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று. சொல்லியிருந்தால் நீ பிள்ளையை விட்டிருப்பாயா என்றார் மாமா. விட்டிருக்கமாட்டாள்தான். இது போய்விட்டால் சாகிறவரைக்கும் தனக்கு அந்த ஸ்ப்ரே அறைதான் என்பதையும் அவர் சொன்னார். ராத்திரி அவர் இருமும்போது அம்மா விழித்துக்கொண்டிருப்பது பக்கத்தில் படுத்திருந்த எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை அவளே என்னைக் கூப்பிட்டாள். கணுக்காலில் கறுப்புக் கயிறு கட்டினாள். கவுனை மாட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, என் கை எட்டும் தூரத்தில் தானும் உட்கார்ந்தாள்.

"வரைஞ்சு முடி. நீதான் கண்ணால பாத்தத எல்லாம் வரைவியே. கயித்த மட்டும் வரையாத."

மாமா கயிற்றை வரையவில்லை. ஆனால் அந்தப் பட்டையை வரைந்துவிட்டார். நிறத்தைப் பார்த்தால் சேர்த்துவிடுகிற கை, சும்மா இருக்கவில்லை. முடித்தபிறகுதான் அவருக்கே உறைத்தது. ஒரு துணி இறக்கிவிடப்பட்டிருப்பது படத்தில் அப்படியே தெரிந்தது. அதன்மேல் பூசிவிடலாம் என்று பார்த்தார், பையர் வந்துவிட்டார், ஈரப் படத்தைக் கொடுக்க முடியாது. போச்சு, எல்லாம் பேஜாராகிப் போச்சு என்று சொல்லிக்கொண்டே படத்தைக் கொண்டுபோனார்.

கவுனைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் அம்மா அதைப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். மிஷினில் போடாமல் கையால், பழைய ஊசித் துளைகளைத் தேடித் தேடித் தைத்தாள். இதை இனி யார் போடப்போகிறார்கள் என்று நான் கேட்டேன்.

"அந்தம்மா மடிச்சது," என்றாள். "நான் பிரிச்சிருக்கக் கூடாது."

பையருடைய வீட்டம்மா அந்தப் படத்தின் முன்னால் ஒரு நாள் முழுக்க நின்றிருந்தாராம். முகத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லையாம், பட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாராம். கொஞ்ச நாளில் மாமாவுக்கு விசா வந்தது. அந்த வீட்டுக்கு வந்துபோனவர்கள் படத்தைப் பார்த்துத் தங்களையும் வரையச் சொன்னார்கள். அப்படி ஆரம்பித்ததுதான் எல்லாம். இருமலும் அங்கே போன பிறகு குறைந்தது.

அடுத்த வருடம் மாமா திரும்பி வந்தபோது பெட்டியில் ஒரு புதுக் கவுன் இருந்தது. மஞ்சள், கடைச் சீட்டு பிய்க்காதது, நீலத்தைவிட ஒரு அளவு பெரியது. அந்தம்மா கொடுத்தனுப்பியது, மகளுக்கு ஒரு வயது கூட்டி இன்னொரு படம் வரையச் சொல்லியிருக்கிறார் என்றார். அம்மா வாங்கி வழக்கம்போல உள்பக்கம் திருப்பினாள். அடியில் அகலமாக மடித்துக் கையால் தைத்திருந்தது. பார்த்தபடியே வெகுநேரம் இருந்தாள். பிறகு எதையும் பிரிக்காமல் எனக்கு மாட்டிவிட்டாள். கறுப்புக் கயிறு கட்டவில்லை.

அது எனக்கு அப்படியே பொருந்தியது. மாமா வரைந்து முடித்ததும் கழற்றி, அந்தம்மாவுக்கே திருப்பி அனுப்பப் பெட்டியில் வைத்தார்கள். நான் அழுது ரகளை செய்தேன். என் அளவு பார்த்து எனக்கென்று வாங்கிக் கொடுத்ததைத் திருப்பி அனுப்ப இவர்கள் யார் என்று கேட்டேன். அடிக்கக் கையை ஓங்காத நாளே இல்லாத அம்மா, அன்றைக்கு என்னை அடிக்கவில்லை.